மிக்சரோடு மலைக்கு அந்தப்பக்கம்

அக்கா வீட்டு நாய்க்குப் பெயர் மிக்சர். குட்டியாக வந்த அன்றைக்கே கால் கிலோ மிக்சரைக் கவரோடு தின்றுவிட்டதால் அக்கா வைத்த பெயர். அத்தானைக் கேட்டால், “அசல் கோம்பை மாப்ள, வேட்டை ரத்தம்” என்பார். தென்காசியில் ஊசி போட்டுச் சீட்டு எழுதிய கால்நடை டாக்டர், இனம் என்று கேட்ட இடத்தில் கொஞ்ச நேரம் நாயைப் பார்த்தார், கொஞ்ச நேரம் அத்தானைப் பார்த்தார், பிறகு ‘நாட்டு நாய்’ என்று எழுதினார். அந்த நாட்டு நாயை அழைத்துக்கொண்டு கேரளத்துக்குப் பறவை தேடப் போய்வந்த கதை இது.

நான் விலங்கியல் முதுகலை முடித்தவன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். தென்காசியில் ஒரு டியூஷன் சென்டரில் பிள்ளைகளுக்குத் தவளையின் இதயத்தை வரைந்து காட்டிக்கொண்டிருந்தபோது ஓர் அறிவிப்பு கண்ணில் பட்டது. மலைக்கு அந்தப்பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை வெட்டிப் புதிதாக நடப்போகிறார்கள். புல்டோசர் இறங்குவதற்கு முன்னால், தரையில் கூடு வைக்கும் பறவைகள் எங்கே முட்டையிட்டிருக்கின்றன என்று கண்டுபிடித்துக் கொடி நட வேண்டும். குஞ்சு பொரித்து வெளியேறும் வரை அந்த இடத்தை மட்டும் விட்டுவைப்பார்கள். இதற்கு ஒரு நாயும் அதைக் கையாளும் ஒருவரும் தேவை. ஆறு மாத வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, கொல்லையில் உடைமரப் புதருக்கு முன்னால் மிக்சர் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு சிலைபோல நின்றதைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். அதை அனுப்பினேன். ஆய்வை நடத்தும் பிந்து மேடம் மறுநாளே அழைத்தார். ‘நாயைக் கூட்டிக்கொண்டு வா, ஒரு நாள் சோதித்துப் பார்ப்போம்’ என்றார். விண்ணப்பத்தில் ‘கையாளுபவர்’ என்ற இடத்தில் யோசிக்காமல் என் பெயரை எழுதினேன். படித்தவன் நான்தானே!

எப்படித் தயாராவது என்று தெரியவில்லை. இணையத்தில் தேடினேன். அமெரிக்காவில் ஃபெசன்ட் என்ற பறவையைச் சுடுவதற்காக நாயோடு மாநிலம் விட்டு மாநிலம் கார் ஓட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். என்னென்ன எடுத்துவைக்க வேண்டும் என்று ஒருவர் அரை மணி நேரம் பேசுகிறார். நம் மயிலும் காட்டுக்கோழியும் கவுதாரியும் அந்தப் பறவைக்குச் சொந்தக்காரர்கள்தான். ஆனால் இங்கே சுட்டால் கம்பி எண்ண வேண்டும். எங்கள் வேட்டையில் கண்டுபிடித்துக் கொடி நடுவதோடு சரி. துப்பாக்கியைக் கழித்துவிட்டு மீதிப் பட்டியலை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்: நாய்க்கு ஆரஞ்சு நிறச் சட்டை, காலுக்கு உறை, கழுத்தில் மணி, கூப்பிட விசில்.

தென்காசியில் நாய்க்குக் காலுறை கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார்? குழந்தைகளுக்கான சாக்ஸ் இரண்டு ஜோடி கொடுத்தார். ஆரஞ்சுச் சட்டைக்கு, ரோடு வேலைக்காரர்கள் போடும் மேல்சட்டையை அக்கா வெட்டித் தைத்துத் தந்தாள். ஆட்டுக்குக் கட்டும் வெண்கல மணி ஒன்று கோயில் பக்கத்துக் கடையில் கிடைத்தது. பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த மணிதான். நாய் புதருக்குள் போனால் கண்ணுக்குத் தெரியாது. மணி கேட்டுக்கொண்டே இருக்கும். மணி நின்றால் நாய் நிற்கிறது. நாய் நிற்கிறது என்றால் அங்கே பறவை இருக்கிறது. சத்தம் நிற்பதைக் கேட்கப் பழக வேண்டும். இதை யோசித்தவன் யாரோ, அவன் காதைத் தொட்டுக் கும்பிடலாம்.

முதல் நாள் ஒத்திகைக்குக் குற்றாலம் போனோம். மாசி மாதம். அருவியில் நூல் நூலாகத் தண்ணீர். எண்ணெய் தேய்க்கும் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. சாரல் காலத்தில் கால் வைக்க இடமில்லாத கடைவீதியில் ஒரு மாடு நடுவில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அருவிக்குத் தள்ளி ஒரு தோப்பில் மிக்சரை அவிழ்த்துவிட்டு விசில் ஊதினேன். அது என்னைப் பார்த்தது. மறுபடி ஊதினேன். படுத்துக்கொண்டது. மரத்திலிருந்து இறங்கிய குரங்கு ஒன்று நேராக வந்து அதன் பின்னங்கால் சாக்ஸை உருவிக்கொண்டு போனது. மிக்சர் அதையும் படுத்தபடியே பார்த்தது.

சிப்ஸ் கடை அண்ணாச்சி ஒருவர் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். “தம்பி என்ன பண்ணுதிய?”

சொன்னேன்.

“எம்.எஸ்.ஸி. படிச்சிட்டா கோழி முட்டை தேடப் போறிய?”

“காட்டுக்கோழி அண்ணாச்சி.”

“அதாம்லா, காட்டுல போய்த் தேடுதிய.”

அத்தான் அசரவில்லை. அவர் பெயர் சுடலைமுத்து. குட்டியானை வண்டியில் வாரத்துக்கு மூன்று முறை கேரளத்துக்குக் காய்கறி கொண்டுபோகிறவர். அதனால் மலைக்கு அந்தப்பக்கத்து விஷயம் எதுவானாலும் கடைசிச் சொல் அவருடையதுதான். “இங்கன என்ன இருக்கு மாப்ள, குரங்குதான். அங்கன காட்டு வாசம் பட்டா ரத்தம் தன்னால எந்திரிக்கும்” என்றார்.

இரண்டாம் நாள் ஊசியும் சான்றிதழும். மருத்துவமனையில் மிக்சர் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டது. அத்தான் இழுத்தார், நான் இழுத்தேன், கம்பவுண்டர் இழுத்தார். வரவில்லை. கடைசியில் அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். “ஏட்டி மிக்சர்! வெளிய வா. உக்காரு” என்று ஒரு சத்தம். வெளியே வந்து உட்கார்ந்தது. ஊசி போட்டு முடிக்கும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டர் சிரித்தார். “சர்டிபிகேட்டை யாருக்கு எழுத? அந்தப் போனுக்கா?”

உரிமையாளர் என்ற இடத்தில் அத்தான் தன் பெயரைச் சொன்னார். என் விண்ணப்பத்தில் என் பெயர், இந்தச் சீட்டில் அவர் பெயர். அக்காவின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் விடிகாலை, சுந்தரபாண்டியபுரத்துக்குப் பக்கத்தில் அக்கா வீட்டு வாசலில் வண்டி தயார். பின்னால் தக்காளிப் பெட்டிகள். மிக்சர் ஏற மறுத்தது. தூக்கி வைத்தால் இறங்கியது. அக்கா வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நீயும் வாயேன்க்கா” என்றேன்.

“ஏட்டி, நீ எதுக்கு? ஆடு யாரு பாப்பா?” என்றார் அத்தான்.

“ஆட்ட மதினி பாப்பா. எல்லாம் சொல்லியாச்சி” என்றாள் அக்கா. உள்ளே போய், ஏற்கெனவே மடித்துவைத்திருந்த துணிப் பையையும், பழைய சேலையால் மூடிக் கட்டிய ஓலைப் பெட்டி ஒன்றையும் எடுத்து வந்தாள். பெட்டியைத் தானே பின்னால் தக்காளிக்கு நடுவில் பத்திரமாக வைத்தாள். அவள் முன்னால் ஏறியதும் மிக்சர் ஒரே தாவலில் அவள் மடியில்.

மேற்கே வீட்டுக்கு வீடு தெரிகிற அந்த மலைக்கு அந்தப்பக்கம் அக்கா ஒரு தடவைகூடப் போனதில்லை. பண்பொழி திருமலைக் கோயிலில் ஏறி நின்று பார்த்ததோடு சரி. செங்கோட்டையைத் தாண்டியதிலிருந்து கேள்வியாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். அந்த மரம் என்ன? இங்கே ஏன் குளிருகிறது? ஓடு ஏன் இத்தனை சரிவாகப் போட்டிருக்கிறார்கள்? எனக்கும் அதே கேள்விகள்தான். ஆனால் படித்தவன் என்பதால் கேட்காமல் வந்தேன். அத்தான் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்: “கேரளால அப்படித்தான்.” மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் மிக்சர் காலையில் தின்றதை என் மடியில் கக்கியது. ஆரஞ்சுச் சட்டையின் முதல் பயன், அதைத் துடைத்தது.

எல்லைச் சோதனைச் சாவடியில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். நாயின் சான்றிதழைக் கொடுத்தேன். மீசையை ஒட்ட நறுக்கிய அதிகாரி நிதானமாகப் படித்தார். வெளியே மிக்சர் இறங்கி வண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தது. மணி கேட்டுக்கொண்டே இருந்தது. அதிகாரி முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்தார்.

மணி நின்றது.

திரும்பிப் பார்த்தேன். வண்டிக்குப் பின்னால், வலது முன்னங்காலைத் தூக்கி, வாலை நீட்டி, மூச்சுகூட விடாமல் நிற்கிறது மிக்சர். மூக்கு தக்காளிப் பெட்டிகளைப் பார்த்து. அந்தப் படத்தில் நின்ற அதே நிற்பு.

அதிகாரி எழுந்து வந்தார். “உள்ளே என்ன?” என்று மலையாளத்தில் கேட்டார்.

“தக்காளி சார், தக்காளி மட்டும்தான்” என்றார் அத்தான். 

“தக்காளிக்கு நாய் இப்படி நிற்குமா?”

அக்கா மெதுவாக இறங்கி வந்தாள். ஓலைப் பெட்டியின் சேலையை விலக்கினாள். உள்ளே ஒரு கருப்புக் கோழி, வைக்கோலில் பரப்பி உட்கார்ந்தபடி எங்கள் எல்லோரையும் முறைத்தது.

“என்னட்டி இது!” என்று அலறினார் அத்தான்.

“அடைக்கு உக்காந்து இருவது நாளாச்சி. நாளைக்குப் பொரிச்சிரும். போட்டுட்டு வரச் சொல்லுதியளா? ஒங்க அக்காவுக்கு ஆடு பாக்கத் தெரியும், அடை பாக்கத் தெரியுமா?”

அதிகாரி குனிந்து கோழியைப் பார்த்தார். பிறகு தமிழிலேயே சொன்னார்: பறவைக் காய்ச்சல் சோதனை நடக்கும் நேரம், கோழியை எல்லை தாண்ட விட முடியாது. நாய் போகலாம். தக்காளி போகலாம். “இந்தக் கோழிக்கு மட்டும் விசா இல்லை, அம்மா.”

வண்டியைத் திருப்பி, எல்லைக்கு எங்கள் பக்கம் இருந்த சாலையோர டீக்கடையில் கோழியை ஒப்படைத்தோம். கடைக்கார அம்மா மேரி, பெட்டியைத் தன் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். தவிடு எப்போது, தண்ணீர் எப்போது என்று அக்கா இரண்டு முறை சொன்னாள். மேரியைத் திருப்பிச் சொல்லவும் வைத்தாள்.

எனக்கு வேறொன்று மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. டீயைக் குடித்தபடி கேட்டேன். “அக்கா, மிக்சர் ஏன் அப்படி நின்னுச்சி?”

“முட்டைன்னா அப்படித்தான் நிக்கும். கோழியெல்லாம் களவாணிப் பயபுள்ளைக, புதருக்குள்ள போயி இட்டுரும். எனக்குக் குனிஞ்சி குனிஞ்சி தேட முடியுதா? அதான் இதப் பழக்கினேன். சின்னதுல ஒரு முட்டையக் குடிச்சிருச்சி, வாரியலால ஒரு அடி வச்சேன். அதுலருந்து தொடாது. நின்னு காட்டும். முட்டைய எடுத்துட்டு ஒரு கருவாட்டுத் தலை குடுப்பேன்.”

“வேட்டை ரத்தம்?” என்றேன் அத்தானைப் பார்த்து.

அத்தான் டீ கிளாஸுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் அந்தப்பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. கொட்டை கொட்டையாகச் சிவப்பு அரிசிச் சோறு. குடிக்க இளஞ்சூடான சிவப்புத் தண்ணீர். மரப்பட்டை போட்டுக் கொதிக்க வைப்பதாம். அக்கா கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மோந்து பார்த்து, பிறகு நான்கு கிளாஸ் குடித்தாள். அந்தப் பட்டையில் ஒரு கை பரிமாறியவரிடம் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பக்கத்து மேசையில் இருந்த இருவர் மிக்சரின் சட்டையைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொண்டது எனக்குப் பாதிதான் புரிந்தது. அத்தான் மொழிபெயர்த்தார்: “ரோட்டு வேலைக்கு நாயும் எடுக்கான் தமிழ்நாட்டுலன்னு சொல்லுதான்.”

நான்காம் நாள் காலையில் சோதனை. ரப்பர் மரங்கள் முதிர்ந்து பால் வற்றிப் போன தோட்டம். கீழே இடுப்பளவு புதர், காய்ந்த இலைகள். பிந்து மேடத்துக்கு நாற்பது வயது இருக்கும். ரப்பர் பூட்ஸ், தொப்பி, கையில் கொடிக் கட்டு. இங்கே தேடுவது முக்கியமாகச் சுண்டங்கோழியை என்றார். புறாவைவிடக் கொஞ்சம் பெரிய, செம்பழுப்பு நிறக் கோழி. காலுக்கு அடியில் வந்தால்தான் ஓடும், அதுவரை இலையோடு இலையாகக் கிடக்கும். பத்து வருடம் இதைப் படித்தவரே கூட்டை நேரில் பார்த்தது சில தடவைதானாம்.

நான் விசிலோடு இறங்கினேன். மிக்சர் பத்தடி வந்தது, திரும்பி, மரத்தடியில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் போனது. மறுபடி கூட்டி வந்தேன். மறுபடி போனது. கயிற்றைக் கட்டி நடத்தினேன். மணி நிற்காமல் கேட்டது. எந்தப் புதரிலும் நிற்கவில்லை. இரண்டு மணி நேரம். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் சாக்ஸில் ஊறியது. என் சாக்ஸில்தான், மிக்சருடையது மிச்சம் மூன்றும் புதரில் போய்விட்டன.

“பரவாயில்லை, நாய்க்கும் புது இடம்தானே. வேறு ஆட்களும் வருகிறார்கள்” என்றார் மேடம். மென்மையாகத்தான் சொன்னார்.  தவளையின் இதயத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.

என்ன செய்ய வேண்டும் என்பது டீக்கடையிலேயே எனக்குத் தெரிந்துபோயிருந்தது. தெரிந்ததைத்தான் இரண்டு மணி நேரமாகத் தெரியாத மாதிரி சுற்றிக்கொண்டிருந்தேன். கயிற்றை அவிழ்த்து அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“நீ போக்கா.”

“நானா? அந்தம்மா ஒன்னத்தானலே கூப்பிட்டாக?”

“நீ போ. கருவாடு இருக்கா?”

முந்தானையைத் தொட்டுக் காட்டினாள். மரப்பட்டைக்குப் பக்கத்து முடிச்சில் கருவாடு. விசிலை வேண்டாம் என்றாள். சட்டையையும் கழற்றினாள். மணி மட்டும் இருக்கட்டும், நன்றாக இருக்கிறது என்றாள். சேலையைத் தூக்கிச் செருகி, “பே, பே, பே” என்று கோழியைக் கூப்பிடும் குரலில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே புதருக்குள் நடந்தாள். மிக்சர் முன்னால் தலையைத் தாழ்த்தி இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஓடியது. ஆள் தெரியவில்லை, மணி மட்டும் கேட்டது.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். மணி நின்றது.

நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனோம். மிக்சர் ஒற்றைக் காலைத் தூக்கி நின்றது. அக்கா வாயில் விரல் வைத்துக் காட்டினாள். ஒரு வேரின் இடுக்கில், காய்ந்த இலைகளுக்கு நடுவில், இன்னொரு காய்ந்த இலைக் குவியலைப் போல ஒரு பறவை. அதற்குக் கண் இருந்தது. அந்தக் கண் எங்களைப் பார்த்தது. பிறகு சட்டென்று ஓடி மறைந்தது. மூன்று முட்டைகள், வெளிறிய காப்பி நிறம். மேடம் கொடியை நட்டுவிட்டு எல்லோரையும் பின்னால் இழுத்தார்.  மதியத்துக்குள் இன்னும் இரண்டு கொடிகள். ஒன்று காட்டுக்கோழியினுடையது.

“இந்த நாயைப் பழக்கியது யார்?” என்று கேட்டார்.

“எங்க அக்கா. பேச்சியம்மாள்” என்றேன். “பாரத்துல என் பேரு தப்பா எழுதிட்டேன் மேடம். மாத்தி எழுதணும்.”

“ஒரு ஆளுக்குத்தான் சம்பளம் இருக்கு. தெரியும்தானே?”

“தெரியும்.”

அவர் புது விண்ணப்பப் பாரம் ஒன்றைக் கொடுத்து, நாளைக்குள் அனுப்பு என்றார். அத்தான்தான் முதலில் வாயைத் திறந்தார். “ஆறு மாசமா? அப்போ சோறு?”  பிறகு அவரே சொன்னார்: “வாரத்துக்கு மூணு நடை நான் வாரேம்லா. நானே கொண்டாந்து விட்டுக் கூட்டிட்டுப் போறேன். மிச்ச நாள் தங்க இடம் இருக்கான்னு கேளு மாப்ள.” அக்கா மிக்சருக்குக் கருவாட்டுத் தலையைக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் திரும்பினோம். டீக்கடையில் மேரி எங்களைக் கண்டதும் தலையில் கை வைத்தாள். “நேத்தே பொரிச்சிட்டும்மா, ஒம்பது குஞ்சு. காலையில பாத்தா பெட்டி காலியா கெடக்கு. கோழியுமில்ல குஞ்சுமில்ல. கீரி வந்துதோ என்னமோ. நான் என்னத்தச் சொல்ல!”

அக்கா காலிப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு மேரியைப் பார்த்து, “விடுங்க, நீங்க என்ன செய்வீய” என்றாள். மிக்சரை இறக்கிவிட்டு பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “பாரத்த எடு. எழுதிருவோம். எம் பேரு நான் எழுதுவேன், மிச்சத்த நீ எழுது.”

பெயரை எழுதினாள். ‘ம்’முக்குப் புள்ளி வைத்துவிட்டுச் சரியா என்று பார்த்தாள். கல்வித் தகுதி என்ற இடத்தில் என் பேனா நின்றது. எனக்காகத்தான் அவள் பள்ளிக்கூடத்தை விட்டு பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். அதை இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

“அஞ்சாப்புன்னு எழுது” என்றாள். “பெயிலுன்னு எழுதிராதலே. நான் பெயிலாகல. நின்னுட்டேன்.”

எழுதினேன். அடுத்தது, முன் அனுபவம். “இதுக்கு என்னக்கா எழுத?”

அவள் காதைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கும் கேட்டது. அதாவது, கேட்கவில்லை. மணி நின்றிருந்தது.

கடைக்குப் பின்னால் விறகு அடுக்கின் முன் மிக்சர் ஒற்றைக் காலைத் தூக்கி நின்றது. அக்கா குனிந்து ஒரு கட்டையை விலக்கினாள். உள்ளே இருட்டில் கருப்புக் கோழி சிலிர்த்துக்கொண்டு முறைத்தது. அதன் இறக்கைக்கு அடியிலிருந்து கீச்சு கீச்சென்று சத்தம். “ஒண்ணு, ரெண்டு…” என்று மேரி விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“இத எழுதுலே.”